மாஸ்டர் மூடிய ஓட்டை

என் காக்கிக் கோட்டில் பொத்தான் ஐந்து. ஒரு காலத்தில் துளை நான்குதான். ஐந்தாவது துளையை எங்கள் மாஸ்டர் மூடிவிட்டார்.

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். கதை எழுதிப் பழக்கமில்லை. மாஸ்டரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, மீதி நின்றுபோகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். நடுவில் சிரித்தாலும் எழுதினது அழியாது அல்லவா.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மயிலாப்பூர் குளத்துக்குக் கிழக்கே ஒரு சந்தில் ஓர் அறை பிடித்துக் குடியிருந்தோம். எனக்கு டிராம் வண்டியில் கண்டக்டர் உத்தியோகம். எதிர் வீட்டின் முன்னறைதான் மாஸ்டரின் தையல் கடை. பட்டணத்தில் தையல்காரரை மாஸ்டர் என்றுதானே கூப்பிடுவோம்? சந்து முழுக்க அப்படியே கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். வேறு பெயர் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் குல்லா, குல்லாவின் ஓரத்தில் எப்போதும் நூல் கோத்த ஊசி இரண்டு. தொழுகைக்குப் போகும்போதும் ஊசி அங்கேயேதான் இருக்கும்.

புதுச் சட்டை தைப்பதில் அவர் சுமார்தான். பெண்கள் ரவிக்கைக்கு அவரிடம் போகவே மாட்டார்கள். அவருடைய கீர்த்தியெல்லாம் ரஃபு வேலையில். கிழிந்த துணியின் ஓரத்திலிருந்து அதே துணியின் நூலை உருவி, கிழிசலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நெய்த மாதிரியே மூடிவிடுவார். எங்கே கிழிந்திருந்தது என்று துணிக்குச் சொந்தக்காரரே தேட வேண்டும். தி.நகரிலிருந்தெல்லாம் பட்டுப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

கைவசம் இப்படி ஒரு வித்தை இருந்தால் அது சும்மா இருக்குமா? அவரால் ஓர் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அதுதான் மாஸ்டர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என் கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். முழங்கையில் கிழிந்துவிட்டது என்று அவரிடம் கொடுத்தேன். அந்தச் சமயம் பார்த்து மேல் பொத்தானும் எங்கோ விழுந்திருந்தது. மறுநாள் வாங்கிப் பார்த்தால் முழங்கையில் கிழிசல் இருந்த இடமே தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே துளை இருந்த இடமும் தெரியவில்லை.

"மாஸ்டர், இங்கே ஒரு துளை இருந்ததே?"

"நானும் பாத்தேன் நைனா. பொத்தான் இல்லாத தொள. அநாதையா வாயப் பொளந்துகினு கெடந்திச்சி. மனசு கேக்கல, மூடிட்டேன். அதுக்குக் காசு வாணாம்."

கடைக்கு ஓடிப்போய் ஒரு பொத்தான் வாங்கித் தைத்துக்கொண்டு வந்து காட்டினேன். துளையைத் திறந்துவிடும்படி கெஞ்சினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"மூடினதத் தொறக்கறது என்னால ஆவாது நைனா. இருவது நூலு உள்ள நிம்மதியாப் படுத்துக்கினு கீது. அதுங்களப் போய் எழுப்பச் சொல்றியே."

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "கழுத்துப் பொத்தானைப் போடுய்யா" என்பார். நான் துளை இல்லை என்பேன். அவர் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்.

என் தொழிலும் அவருக்குப் பிடிக்காது. டிக்கெட்டில் துளை போடுகிற இடுக்கி ஒன்று எங்களிடம் இருக்கும். அழுத்தினால் துளை விழும், கூடவே 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். மாஸ்டர் என் வண்டியில் ஏறினால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார்.

"நைனா, என்துல மட்டும் போடாத. உன் கண்ணால பாத்துக்கோ, போதும்."

அது விதிக்கு விரோதம். இருந்தாலும் எதிர் வீட்டுக்காரர். மணியை மட்டும் காற்றில் ஒருமுறை அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மற்றவர்கள் டிக்கெட்டில் துளை விழும்போதெல்லாம் அவர் உட்கார்ந்த இடத்திலேயே லேசாகத் துள்ளுவார். "நீ போட்டுக்கினே போ. நான் மூடிக்கினே வரேன். நம்ம ரெண்டு பேருக்கும் வேலைக்குப் பஞ்சமில்ல" என்பார்.

ஒரு தடவை அவர் வீட்டு முற்றத்தில் தண்ணீர் போகிற மடையையே அடைத்துவிட்டார். எலி வருகிறதாம். அந்த வாரமே ஒரு கோடை மழை கொட்டியது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அவருடைய சம்சாரம் (நாங்கள் பீவிம்மா என்று கூப்பிடுவோம்) அண்டா, குண்டான் எல்லாம் மிதக்க நடுவில் நின்றுகொண்டு, "எலி வரல, பாத்துக்கோங்க! ஒரு எலி வரல!" என்று சந்துக்கே கேட்கும்படி கத்தினார்.

பீவிம்மா இல்லாவிட்டால் அந்தத் தையல் கடையே நடந்திருக்காது. காரணம், சட்டை என்றால் காஜா போட வேண்டுமே. பொத்தான் துளையைத் தையல் கடையில் காஜா என்பார்கள். நல்ல துணியைக் கத்தரி முனையால் கீறி, கீறின வாயைச் சுற்றி நெருக்கமாக நூல் சுற்ற வேண்டும். மாஸ்டருக்குக் கீறவே கை வராது. கத்தரியை வைப்பார், கண்ணை மூடுவார், எடுத்துவிடுவார். அதனால் காஜா வேலை முழுவதும் பீவிம்மாவுடையது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே மடியில் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கீறித் தள்ளுவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது படகு.

அடையாற்றில் துரைமார் மாலை வேளைகளில் பாய் கட்டிய சின்னப் படகுகள் விடுவார்கள். அந்தப் பாய்களில் கிழிசல் விழுந்தால் மாஸ்டருக்குத்தான் ஆள் வரும். தைத்ததைத் தானே சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போவார், கட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பாயின் ஓரங்களில் கயிறு கோக்கச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதையும் மூடிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மூடுவனா? அதுக்குச் சுத்திப் பித்தள வளையம் போட்டுக்கீறாங்க நைனா. ஓரம் கட்டிட்டா அது ஓட்டையில்ல."

இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிட்டது.

"முப்பது வருசமா தைக்கறேன். நான் தைச்ச துணியெல்லாம் யாரோ போட்டுக்கினு ஆபீஸுக்குப் போவுது, கல்யாணத்துக்குப் போவுது, கசங்கிப்பூடுது. இது ஒண்ணுதான் காத்து வந்தா நெஞ்ச நிமித்திக்கினு நிக்குது. அதுக்குக் கீழ ஒரு நாள் குந்திப் பாக்கணும் நைனா. ஒரே ஒரு நாளு. இக்கரையிலேர்ந்து அக்கரை."

துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. நாற்காலி, கிராமபோன், நாய்க்குட்டி எல்லாம் விலைக்கு வந்தன. ஒரு துரை தன் படகையும் விற்றார். மாஸ்டர் சொற்ப விலைக்கு வாங்கிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. கைவண்டியில் ஏற்றி நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் பீவிம்மாவுக்குத் தெரியும். பன்னிரண்டு அடி நீளம். சந்தில் அதை வைத்த பிறகு ஆட்கள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

பீவிம்மா படகைச் சுற்றி ஒருமுறை வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம்" என்றார். "ஐப்பசி மழைக்கு முன்னாடி இது தண்ணியில போவணும். இல்லாட்டி என் அடுப்புல போவும். அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

மழைக்கு முன் வீட்டுக்கு வீடு விறகு சேர்த்து வைக்கிற காலம். அந்த வருஷம் விறகு கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. பீவிம்மா சொன்னால் சொன்னதுதான் என்பது சந்துக்கே தெரியும். மாஸ்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

படகோடு பாய்மரம், பாய், திருப்புகிற சுக்கான், கூடவே ஒரு பலகை எல்லாம் வந்தன. பலகை முதல்தரத் தேக்கு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், நெஞ்சு உயரம், ஒரு முனையில் பிடித்துத் தூக்கக் குறுக்குக் கட்டை. படகின் நடுவில் தபால் பெட்டியின் வாய் மாதிரி குறுகலான ஒரு மரப்பெட்டி, முழங்கால் உயரம். மேலே வாய் திறந்திருக்கும். மாஸ்டர் குனிந்து அதற்குள் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டிக்கு அடியே இல்லை. அந்தப் பக்கம் சந்துத் தரை தெரிந்தது.

"நைனா! படகுக்கு நடுவுல ஓட்ட!"

"துரை ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னாரு. இங்கிலீஷ்ல அரை மணி சொன்னாரு. நான் எஸ் சார், எஸ் சார்னேன். இந்தப் பொட்டியக் காட்டினாரு, பலகையக் காட்டினாரு, கட்டை வெரலத் தூக்கிக் காட்டினாரு. இப்பத்தான் வெளங்குது. 'பொட்டிக்கு அடி உளுத்துப்போச்சு, இந்தப் பலகைய அறுத்து அடைச்சிக்கோ'ன்னு மரத்தையும் கையில குடுத்துக்கீறாரு. மனுசன் நல்ல மனுசன்!"

"அது எதற்கான பெட்டி மாஸ்டர்?"

"கொட வெக்கத்தான். வேற இன்னாத்துக்கு?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. குடை நிற்கிற அளவுதான் அது.

ஆனால் அத்தனை நல்ல தேக்கை அறுக்க மாஸ்டருக்கு மனசு வரவில்லை. பலகையைப் பீவிம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு ரொட்டி தேய்க்க அதைப்போல ஒரு பலகை வாய்த்ததில்லை. வழவழவென்று மாவு ஒட்டாமல் இருந்தது. குறுக்குக் கட்டை சுவரில் முட்டிக்கொள்ளும், பலகை நகராது. மாஸ்டர் வேறு கட்டை தேடிப் பிடித்து, இழைத்து, அரக்கும் தாரும் காய்ச்சி ஊற்றி, படகின் அடியில் இருந்த அந்த நீள ஓட்டையை மூடினார். அவர் ஆயுளில் செய்த ரஃபுவிலேயே பெரியது அதுதான். மூடி முடித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "எங்க இருந்திச்சின்னு சொல்லு பாப்பம்?" என்றார். உண்மையாகவே என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஓய்வு நாளாகப் பார்த்து ஆற்றுக்குக் கொண்டுபோனோம். உங்கள் அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். புது வண்டி கிளப்பினால் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்க வேண்டுமே. கரையில் நின்ற பிறகுதான் படகுக்குச் சக்கரம் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. மாஸ்டர் யோசித்துவிட்டு, "மூக்குக்குக் கீழ வையி நைனா" என்றார். படகின் மூக்குக்குக் கீழே வைத்துத் தள்ளினோம். எலுமிச்சை நசுங்கவில்லை. உருண்டு எங்களுக்கு முன்னால் தண்ணீரில் விழுந்து மிதந்து போயிற்று. மாஸ்டர் பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுத்தார். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். குடைப் பெட்டியில் குடையை வைத்தார். பாயைத் தூக்கிக் கட்டினார்.

கடல் காற்று வந்தது. பாய் நெஞ்சை நிமிர்த்தியது. மாஸ்டர் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார். அக்கரைக்கு நேராக மூக்கைத் திருப்பி வைத்தோம். படகும் கிளம்பியது.

ஆனால் அக்கரைக்குப் போகவில்லை. மூக்கு அக்கரையைப் பார்த்தபடி இருக்க, படகு முழுசாகப் பக்கவாட்டில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. நான் தண்டவாளத்தில் போய்ப் பழகினவன். முன்னால் பார்த்தால் முன்னால்தான் போகும் எங்கள் வண்டி.

"மாஸ்டர், இந்தப் பக்கம் போகிறதே?"

"தெரியுது. எனக்கும் கண்ணு கீது."

"பிரேக் எங்கே?"

"அதான் நானும் தேடறேன்!"

எனக்கு நீச்சலும் தெரியாது. பயத்தில் வாயில் வந்தது, வண்டியை நிறுத்த நாங்கள் கத்துகிற "ஹோல்டான், ஹோல்டான்!" என்பதுதான். கரையில் மாடு மேய்த்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். கோட்டூர்ப் பக்கம் துணி துவைக்கிற துறை வரைக்கும் அப்படியே போய், காயப்போட்டிருந்த வேட்டிகளுக்குள் பாய்மரம் மாட்டிக்கொண்ட பிறகுதான் நின்றது. துவைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவருக்கு மாஸ்டரைத் தெரியும்.

"வா மாஸ்டர். இன்னா, நண்டு மாதிரி வர்றே?"

"காத்து சரியில்ல."

"காத்து சரியாத்தான் கீது. நீதான் குறுக்க வந்துகினு கீறே. வந்தது வந்தே, இந்த வேட்டியில ஒரு கிழிசல், பாரு. உன் மரம் பண்ணதுதான்."

மாஸ்டர் குல்லாவிலிருந்து ஊசியை எடுத்து, அங்கேயே கரையில் உட்கார்ந்து வேட்டியை ரஃபு செய்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்கப்புறம் மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் கோட்டூர்தான். வேட்டிக்காரர்கள் நாங்கள் வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, கிழிந்த துணியாகச் சேர்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். காற்று எங்கோ ஓட்டை வழியாக ஒழுகிப்போகிறது, அதனால்தான் படகு முன்னால் போக வலுவில்லை என்பது மாஸ்டரின் முடிவு. ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் பாயில் தேடித் தேடி மூடினார். படகின் பின்பக்கம் தண்ணீர் வடிய ஒரு தக்கைத் துளை இருந்தது. அதையும் மூடினார். இனி மூட அதில் ஒன்றுமே இல்லை. நாலாவது தடவை கைவண்டியில் திரும்பி வந்த பிறகு படகு சந்திலேயே தங்கிவிட்டது. பீவிம்மா அதில் வரட்டிக் கூடையும் முறமும் வைத்தார். கோழி ஒன்று அடைகாத்தது. மாஸ்டர் கடையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். எப்போதும் எதையாவது பேசிக்கொண்டிருக்கிறவர் வாயை மூடிக்கொண்டார். உங்கள் அம்மாவுக்குக்கூட மனசு கஷ்டமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. வானம் கிழக்கே கறுக்க ஆரம்பித்தது. ஒருநாள் காலை, எனக்கு மதிய ஷிப்டு, தெருவில் விறகு பிளக்கிறவர் கோடாலியோடு குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். பீவிம்மா அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிற்று. "பீவி, இன்னும் ஒரு வாரம்" என்றார்.

"மூணு மாசம் குடுத்தேன்ஜி. மழ வந்தா உம்ம படக வெச்சா சோறாக்கறது? விறகு இல்லாம அடுப்பு எரியுமா?"

நான் பேசிப் பார்த்தேன். "பீவிம்மா, ஒரு வண்டி விறகுக்கு நான் வேண்டுமானால் அலைந்து பார்க்கிறேன்..."

"நீ பாவம், உன் வீட்டுக்கே இல்ல. சும்மா இரு."

விறகு பிளக்கிறவர் கல்லில் கோடாலியைத் தீட்டிக்கொண்டே, "பொளக்கறதா, வாணாமா? மூணு தெரு போவணும் எனக்கு" என்றார்.

பீவிம்மா படகிலிருந்து தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தார். கோழியை என்னிடம் கொடுத்தார். ரொட்டிப் பலகையைக் கழுவி வெயிலுக்காகப் படகுக்குள்தான் போட்டிருந்தார். அதை ஒரு கையிலும் கூடையை இன்னொரு கையிலும் தூக்கினார். கூடை சரிந்தது. அதைப் பிடிப்பதற்காகப் பலகையைக் குறுக்குக் கட்டை மேலே இருக்கும்படி குடைப் பெட்டிக்குள் சொருகிவிட்டுக் கூடையைப் பிடித்தார்.

பலகை 'சர்'ரென்று இறங்கி 'டொக்' என்று நின்றது.

பீவிம்மா திரும்பிப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். பலகையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அந்தப் பெட்டிக்காகவே அளவெடுத்துச் செய்தது போல நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றது. தூக்கினார், விட்டார். சர், டொக். மறுபடியும். சர், டொக்.

"ஏன்ஜி. இது கொடப் பொட்டியில்ல. இந்தப் பலகைக்கு உறை."

மாஸ்டர் வந்து பார்த்தார்.

"உறைன்னா, பிடி விளிம்பு வரைக்கும் உள்ள போவணுமா இல்லியா? இது பாதியில நிக்குது. மீதி எங்க போவணும்? கீழ. எதுவோ தடுக்குது."

மாஸ்டரும் நானும் குனிந்து, அவர் மூடின அடியைப் பார்த்தோம். கோழி என் கையில் கத்தியது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். பாயில் காற்று பட்டால் படகைப் பக்கத்தில் தள்ளத்தான் பார்க்கும். தண்ணீருக்குள்ளே ஒரு பலகை கீழ்நோக்கி நின்றால் அது பக்கத்தில் போகவிடாது, முன்னால்தான் விடும். எங்கள் டிராமுக்குத் தண்டவாளம் மாதிரி. துரை தண்டவாளத்தைக் கையில் கொடுத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். நாங்கள் அதில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தோம். இதை நான் மாஸ்டரிடம் சொன்னேன்.

"அப்படின்னா..." என்றார் மாஸ்டர்.

"அப்படித்தான் மாஸ்டர். நீங்கள் மூடினதைத் திறக்க வேண்டும்."

அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "என் கையால முடியாது" என்றார். "தண்ணியில வுடற சாமானுக்கு அடியில ஓட்டையா? மூடினது நைனா, அது. ஒயுங்கா மூடினது."

விறகு பிளக்கிறவர் எழுந்து, "ஒரே போடு. நான் தொறந்து வுடறேன்" என்று கோடாலியைத் தூக்கினார்.

"ஐயோ, தொடாத!" மாஸ்டர் படகின் மேல் படுத்தேவிட்டார்.

பீவிம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இத்தனை நேரம் போட்ட சத்தம் இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"நான் தெனம் எத்தன காஜா போடறேன்?"

"இருவது, முப்பது."

"அது ஓட்டையா?"

மாஸ்டர் தலையைத் தூக்கினார்.

"நல்ல துணியத்தான் கீறறேன். நான் கீறாட்டி நீங்க தைச்ச சட்டைய ஒருத்தன் போட முடியுமா? இது படகுக்குக் காஜா. தோ, இதுக்குப் பொத்தான்." பலகையைத் தட்டினார். "துரை ஒயுங்கா ஓரம் கட்டிப் போட்ட காஜாவ நீங்க போய் ரஃபு பண்ணி வெச்சிக்கீறீங்க."

"அப்போ நீயே கீறிடு பீவி. உனக்குத்தான் பழக்கம்."

"நான் கீற மாட்டேன். நீங்க மூடினது."

மாஸ்டர் எழுந்து படகின் விளிம்பை ஒருமுறை தடவினார். பிறகு உள்ளே போய் உளியும் சுத்தியும் எடுத்து வந்தார். படகைக் கவிழ்த்தோம். மூடின இடம் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது. பிஸ்மில்லா சொல்லி உளியை வைத்தார். கண்ணை மூடப் போகிறார் என்று நினைத்தேன். மூடவில்லை. விறகு பிளக்கிறவர்கூட மூன்று தெருவையும் மறந்துவிட்டு நின்றார். ஒரு மணி நேரம் துளித்துளியாகச் செதுக்கினார். கட்டை விழுந்து மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தபோது 'ஹா' என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது, அவ்வளவுதான். அதோடு விடவில்லை. மெல்லிய பித்தளைத் தகடு வாங்கி வந்து அந்த வாயைச் சுற்றி ஓரம் கட்டிய பிறகுதான் சாப்பிட்டார்.

பீவிம்மா விறகு பிளக்கிறவரிடம், "நாளைக்குச் சாயங்காலம் வந்து பாரு. இது நேராப் போவாட்டி அப்பவே பொளந்துடலாம்" என்றார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனேன். இந்தத் தடவை பீவிம்மாவும் ஏறினார். "என் பலகை போவுது. நான் போவாம?" என்றார். பலகையைச் சொருகினோம். 'சர்'ரென்று இறங்கியது. 'டொக்' சத்தம் இல்லை. குறுக்குக் கட்டை பெட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் பெட்டிக்குள் கொஞ்சம் ஏறி, சமர்த்தாகப் பாதியில் நின்றுகொண்டது. மாஸ்டர் மட்டும் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் நிமிர்ந்தது. கோட்டூர்ப் பக்கம் ஒரு தடவை சாய்ந்தது படகு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அடையாறுக் கரை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நேராக. சத்தியமாக நேராக, பிள்ளைகளே.

மாஸ்டர் தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேலே பாயைப் பார்த்தார். முப்பது வருஷத்துத் தையல் அத்தனையும் அங்கே வெயிலில் தெரிந்தது. பீவிம்மா, "கண்ணத் தொடைச்சிக்கோங்க. வழி தெரியணும்" என்றார்.

எப்படி நிறுத்துவது என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. அக்கரைச் சேற்றில் பலகை போய்க் குத்தி, எங்கள் டிராமில் அவசரப் பிரேக் போட்ட மாதிரி நின்றது. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம்.

"வந்துட்டமா?" என்றார் பீவிம்மா, சேற்றிலிருந்து.

"வந்துட்டோம்" என்றார் மாஸ்டர்.

"எப்படித் திரும்பிப் போறது?"

மாஸ்டர் ஆற்றைப் பார்த்தார். காற்றைப் பார்த்தார். "அது அடுத்த தபா" என்றார்.

படகை ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் பாலத்தின் மேலே நடந்தே வீடு வந்தோம். இரவு ரொட்டிக்குப் பலகை வேண்டும் என்று பீவிம்மா சொல்லிவிட்டதால் மாஸ்டர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். சந்து முனையில் விறகு பிளக்கிறவர் காத்திருந்தார். எங்கள் மூவரின் சேற்றையும் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "போச்சா?" என்றார். "நேரா!" என்றார் மாஸ்டர். அந்த மனிதருக்கு ஏனோ ஒரே சந்தோஷம். மறுநாள் எங்கிருந்தோ அரை வண்டி விறகு கொண்டுவந்து பீவிம்மா வீட்டில் போட்டார். போட்டு முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது.

மழையில் என் கோட்டு நனைந்து தோள் தையல் விட்டது. மாஸ்டரிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தோள் சரியாக இருந்தது. கழுத்துக்குக் கீழே ஐந்தாவது துளை திறந்திருந்தது. பீவிம்மாவின் காஜா இல்லை அது. அவருடையது ஒரே சீராக இருக்கும். இது கொஞ்சம் கோணல், நூல் இரண்டு இடத்தில் குவிந்திருந்தது. மாஸ்டர் தோளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஐந்து பொத்தானும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னை இரண்டு தடவை பார்த்தார். அன்றைக்கு மாஸ்டர் என் வண்டியில் ஏறினார். வழக்கப்படி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காற்றில் மணி அடிக்கப் போனேன்.

"இரு நைனா" என்று டிக்கெட்டை நீட்டினார். "இதுலயும் போடு. எல்லாரும் போட்டுக்கினு போறாங்க, எனக்கு மட்டும் இன்னா?"

போட்டேன். டிங். அவர் துள்ளவில்லை. டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வட்டமாத்தான் போடற" என்றார்.

பிறகு வண்டியை விட்டு இறங்குகிற வரைக்கும், அந்தத் துளையின் மேல் கட்டை விரலை வைத்து மூடிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.